ஆற்று இறால் நலமா? அளந்து அறியும் வழிகள்

சில நாள்களில் ஆற்றங்கரைக் கிராமங்களில் திடீரென்று பரபரப்பு கிளம்பும். வழக்கமாக ஆழத்தில் பதுங்கிக் கிடக்கும் ஊடாங் காலா இறால்கள் தாமாகவே கரையோரம் ஒதுங்கி, அசையாமல் நிற்கும். அன்றைக்குத் தூண்டிலும் வேண்டாம், பொறியும் வேண்டாம். கைவலை ஒன்று இருந்தால் போதும். மலாய்க்காரர்கள் இதை ‘ஊடாங் மாபோக்’ என்பார்கள். போதையேறிய இறால் என்று பொருள். வாளி வாளியாக அள்ளிச் செல்வோரைப் பார்க்கும்போது, “ஆற்றில் இவ்வளவு இறாலா! ஆறு செழிப்பாகத்தான் இருக்கிறது” என்றே நமக்குத் தோன்றும்.

உண்மை நேர்மாறானது. நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் திடீரென்று குறைந்தாலோ, நச்சுப் பொருள் கலந்தாலோ, நீரின் அமிலத்தன்மை சட்டென்று மாறினாலோதான் இறால்கள் இப்படிக் கரைக்கு வருகின்றன. அவை போதையில் இல்லை, மூச்சுத் திணறிக்கொண்டிருக்கின்றன. நிறைந்த வாளி அன்றைக்கு ஆற்றின் நலத்தைக் காட்டவில்லை, நோயைக் காட்டுகிறது.

அப்படியானால் ஓர் ஆற்றில் இறால் வளம் நன்றாக இருக்கிறதா, தேய்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? ஆற்று நீரை இறைத்துவிட்டு எண்ணிப் பார்க்க முடியாது. கலங்கிய நீரில் எட்டிப் பார்க்கவும் முடியாது. உயிரியலாளர்கள் சில நூறு இறால்களைப் பிடித்து, அளந்து, அவற்றிலிருந்து ஆறு முழுவதன் கதையையும் படிக்கிறார்கள். அதை எப்படிச் செய்கிறார்கள் என்று இந்த வாரம் பார்ப்போம்.

இரண்டு நீரில் ஒரு வாழ்க்கை

‘காலா’ என்ற மலாய்ச் சொல்லுக்கு நீண்ட கழி என்று பொருள். ஆண் இறாலின் நீண்ட கொடுக்குகளால் வந்த பெயர் இது. ‘மேக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கி’ என்பது அறிவியல் பெயர். உலகின் மிகப் பெரிய நன்னீர் இறால்களுள் இதுவும் ஒன்று. ஆண் 32 சென்டிமீட்டர் வரையிலும், பெண் 25 சென்டிமீட்டர் வரையிலும் வளரக்கூடும். பேராக் ஆற்றின் தெலுக் இந்தான், ஜொகூர் ஆற்றின் கோத்தா திங்கி போன்ற ஊர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததில் இந்த இறாலுக்கும் பங்கு உண்டு.

நன்னீர் இறால் என்று சொன்னாலும், இதன் வாழ்க்கை நன்னீரில் தொடங்குவதில்லை. சினைப்பட்ட பெண் இறால், முட்டைகளை வயிற்றுக்கு அடியில் சுமந்துகொண்டு ஆற்றின் போக்கிலேயே கழிமுகத்தை நோக்கி இறங்குகிறது. கடலும் ஆறும் கலக்கும் உவர்நீரில்தான் முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிரி பிழைக்கும். நன்னீரிலேயே விடப்பட்டால் சில நாள்களில் அது இறந்துவிடும்.

இந்த இரகசியம் வெளிப்பட்டது நம் நாட்டில்தான். 1961இல் பினாங்கு, குளுகோரில் இருந்த மீன்வள ஆய்வு நிலையத்தில், ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் நிபுணர் ஷாவ்-வென் லிங் என்பவர் இளவுயிரிகளுக்கு உப்புக் கலந்த நீர் தேவை என்பதைக் கண்டறிந்தார். 1965இல் மலேசியாவிலிருந்து ஹவாய்க்குக் கொண்டு செல்லப்பட்ட இறால்களை வைத்து தக்குஜி புஜிமுரா என்ற ஆய்வாளர் பெருமளவில் குஞ்சு பொரிக்கும் முறையை உருவாக்கினார். இன்று பல நாடுகளில் நடக்கும் ஊடாங் காலா வளர்ப்புக்கு அதுவே அடித்தளம்.

இளவுயிரிகள் தலைகீழாக, வால் முன்னே செல்ல நீந்தும். 11 வளர்நிலைகளைக் கடந்த பிறகே அவை இறால் குஞ்சு வடிவத்துக்கு வருகின்றன. அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். பிறகு அடிமண்ணைப் பற்றி, ஆற்றை எதிர்த்து மேல்நோக்கிப் பயணம் செய்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இறாலின் நலத்தை அளப்பதென்றால், ஆற்றின் ஒரு துறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது. கழிமுகத்திலிருந்து மேல்பகுதி வரை, வழி முழுவதையும் பார்க்க வேண்டும்.

வயது சொல்லாத உடல்

மீனின் வயதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அதன் செதிலிலும், காதுக்குள் இருக்கும் சிறு கல்லிலும் மரத்தின் வளையங்களைப் போல் கோடுகள் பதியும். அவற்றை எண்ணினால் வயது தெரிந்துவிடும்.

இறாலிடம் இது நடக்காது. அதன் உடலை மூடியிருப்பது கெட்டியான ஓடு. ஓடு விரியாது. எனவே வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே உருவான மெல்லிய புதிய ஓடு இறுகுவதற்குள் உடலைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். அதனால் இறாலின் வளர்ச்சி சரிவான பாதை போல் இல்லாமல் படிக்கட்டு போல இருக்கும். ஓடு கழற்றும் நாளில் ஒரு படி ஏறும். அடுத்த முறை வரை அதே நீளத்தில் நிற்கும். கழற்றிய ஓட்டோடு பழைய அடையாளங்களும் போய்விடுகின்றன.

ஆகவே ஓர் இறாலைக் கையில் எடுத்து, “இதற்கு இத்தனை மாதம்” என்று எளிதில் சொல்லிவிட முடியாது. தனி இறால் சொல்லாததைக் கூட்டம்தான் சொல்ல வேண்டும்.

அளவுகோலை எங்கே வைப்பது?

முதல் வேலை நீளத்தை அளப்பது. எளிதாகத் தோன்றும். ஆனால் எங்கிருந்து எதுவரை? இறாலின் நெற்றியில் வாள் போல் நீண்டிருக்கும் பல் வைத்த முள், அடிக்கடி முனை ஒடிந்துபோகும். அதன் நுனியிலிருந்து அளந்தால், முள் ஒடிந்த இறாலெல்லாம் கணக்கில் குட்டையாகிவிடும். வாலோ மடங்கிக்கொள்ளும். இதனால் ஆய்வாளர்கள் கண்குழியின் பின்விளிம்பிலிருந்து, தலையையும் மார்பையும் சேர்த்து மூடியிருக்கும் ஓட்டின் பின்விளிம்பு வரை அளக்கிறார்கள். இந்தப் பகுதி மடங்காது. எளிதில் ஒடியவும் ஒடியாது.

அடுத்தது எடை. வடிவம் மாறாமல் ஓர் உயிரின் நீளம் இரண்டு மடங்கானால், எடை இரண்டு மடங்காவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் இரட்டிப்பதால் 2×2×2, அதாவது 8 மடங்காகும். 10 கிராம் எடையுள்ள இறால் இரண்டு மடங்கு நீண்டால் 80 கிராம் இருக்க வேண்டும். உண்மையில் 65 கிராம்தான் இருக்கிறது என்றால், அது நீண்டிருக்கிறதே தவிரச் சதைப் பிடிக்கவில்லை. உணவு குறைந்திருக்கலாம், நீர் கெட்டிருக்கலாம், நோய் தாக்கியிருக்கலாம். நீளத்தையும் எடையையும் இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது, குழந்தைகளுக்குக் கிளினிக்கில் உயரமும் எடையும் பார்ப்பதைப் போன்றதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வளர்ந்த ஆணின் கொடுக்குகள் பெரியவை. அவற்றின் எடையும் கணக்கில் சேரும். சண்டையில் ஒரு கொடுக்கை இழந்த ஆண், நோஞ்சான் போலக் கணக்கில் தெரியும். ஆகவே ஆணையும் பெண்ணையும் தனித்தனியாகவே கணக்கிட வேண்டும். கொடுக்கு இழந்தவற்றைக் குறித்துவைக்க வேண்டும்.

குன்றுகள் சொல்லும் கதை

இப்போது ஒரே இடத்தில், ஒரே விதமாகப் பிடித்த 300 இறால்களை அளந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை இறால் எந்த நீளத்தில் என்று ஒரு கட்டம் போட்ட தாளில் குறித்தால், அங்கங்கே குன்றுகள் எழும். ஒரே காலத்தில் பிறந்தவை ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்கும் என்பதால், ஒவ்வொரு குன்றும் ஒரு தலைமுறையைக் காட்டக்கூடும். அடுத்த மாதமும் அதே போல் அளந்தால், குன்று சற்று வலப்பக்கம் நகர்ந்திருக்கும். எவ்வளவு நகர்ந்ததோ அதுவே அந்த மாத வளர்ச்சி. டென்மார்க் உயிரியலாளர் சி.ஜி.ஜே. பீட்டர்சன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீன்களுக்குப் பயன்படுத்திய வழி இது. வயது சொல்லாத இறாலுக்கும் இன்றுவரை கைகொடுக்கிறது.

குன்று நகரும் வேகம் எப்போதும் ஒரே சீராக இருக்காது. இளமையில் வேகமாக நகரும். உச்ச நீளத்தை நெருங்க நெருங்க மெதுவாகும். இந்த வளைவைக் கணித வடிவில் தந்தவர் லுட்விக் வான் பெர்ட்டலன்ஃபி என்ற ஆஸ்திரிய உயிரியலாளர். இன்றும் மீன்வளத் துறையினரின் கணினிகளில் அவர் பெயரால் அந்தச் சூத்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

குன்றுகளின் இருப்பைப் போலவே, இல்லாமையும் செய்தி சொல்லும். இடப்பக்கத்தில் சிறிய இறால்களின் குன்று பல மாதங்களாக எழவே இல்லை என்றால், புதிய தலைமுறை மேலே வரவில்லை. கழிமுகத்தில் ஏதோ கோளாறு, அல்லது வழியில் தடை. வலப்பக்கத்தில் பெரியவை மறைந்துவிட்டால், அளவுக்கு மீறிப் பிடிக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். இரண்டு சிக்கலுக்கும் தீர்வு வேறு வேறு. “இறால் குறைந்துவிட்டது” என்ற ஒற்றை வாக்கியத்தால் இந்த வேறுபாட்டைக் காட்ட முடியாது.

ஆனால் வெப்பமண்டலத்தில் ஊடாங் காலா ஆண்டில் பல முறை முட்டையிடும். அதனால் குன்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எல்லை மங்கிப்போகும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. அது ஆண் இறால்களால் வருவது.

சிறியதெல்லாம் இளையது அல்ல

ஒரே நாளில் பிறந்த ஆண் இறால்களை ஒரே குளத்தில் விட்டு வளர்த்தாலும், சில மாதங்களில் அவை மூன்று வகையாகப் பிரிந்துவிடும். 1980களில் இஸ்ரேல் ஆய்வாளர்கள் இதை விரிவாக ஆராய்ந்தார்கள்.

முதல் வகை, சிற்றாண். உடல் சிறியது; கொடுக்கு மெல்லியது. இரண்டாம் வகை, ஆரஞ்சுக் கொடுக்கு ஆண். இதுதான் வேகமாக வளர்வது. மூன்றாம் வகை, நீலக் கொடுக்கு ஆண். உடலைவிட நீண்ட, முட்கள் நிறைந்த நீலக் கொடுக்குகளோடு தன் இடத்தைக் காவல் காக்கும். பெண் இறால்களைச் சேரும் வாய்ப்பு பெரும்பாலும் இதற்கே. இந்த நிலையை எட்டிய பிறகு அதன் வளர்ச்சி மிகவும் குறைந்துவிடுகிறது. நன்கு வளர்ந்த குளத்தில் 10 ஆண்களைப் பிடித்தால், சுமார் 5 சிற்றாண், 4 ஆரஞ்சு, 1 நீலம் என்ற விகிதத்தில் இருக்கும்.

இதில் வியப்பு என்னவென்றால், பெரியவனின் ஆதிக்கத்தில் சிற்றாணின் வளர்ச்சி அடங்கிக் கிடக்கிறது. நீலக் கொடுக்கு ஆண்களை அகற்றிவிட்டால், அடங்கிக் கிடந்தவை வளரத் தொடங்கும். ஆரஞ்சுக் கொடுக்கு ஆணோ, சுற்றியிருக்கும் நீலக் கொடுக்கு ஆண்களைவிடப் பெரிதாக வளர்ந்த பிறகுதான் தானும் நீல நிலைக்கு மாறும். பச்சைக்குதிரை விளையாட்டில் குனிந்திருப்பவனைத் தாண்டிப் போய் அடுத்தவன் நிற்பதைப் போல!

ஆற்றின் நலத்தை அளப்பவருக்கு இதனால் இரண்டு பாடங்கள். ஒன்று, சிறிய ஆண்கள் நிறைய இருப்பதைப் பார்த்து, “புதிய தலைமுறை வந்துவிட்டது” என்று மகிழக் கூடாது. அவை வயதான, வளராத ஆண்களாக இருக்கலாம். புதிய வரவைக் கணக்கிடப் பெண்களின் நீளமும் மிகச் சிறிய குஞ்சுகளின் எண்ணிக்கையும்தான் நம்பகமானவை. இரண்டு, பெரிய ஆண்களைப் பிடித்துத் தீர்த்த பிறகு சில மாதங்களுக்கு வளர்ச்சி வேகம் கூடியது போலத் தோன்றும். அதை ஆற்றின் செழிப்பு என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். மேலே மூடியிருந்த கிளைகளை வெட்டியதும் கீழிருந்த செடிகள் கிளம்பியிருக்கின்றன, அவ்வளவுதான்.

ஆகவே நல்ல ஆய்வுத் தாளில் நீளம், எடைக்குப் பக்கத்தில் ‘கொடுக்கின் நிறம்’ என்று ஒரு கட்டமும் இருக்கும்.

சினை இறாலின் கணக்கு

அடுத்த கட்டம் பெண்ணுக்கானது. பெண் இறாலின் வயிற்றுப்புறத் தகடுகள் அகன்று, முட்டைகளுக்குத் தொட்டில் போல அமைந்திருக்கும். முழு வளர்ச்சி அடைந்த பெண் ஒரு முறைக்கு 80,000 முதல் 1,00,000 முட்டை வரை சுமக்கும். ஆனால் முதன்முறை சினைப்படும் சிறிய பெண்ணிடம் 5,000 முதல் 20,000 வரைதான் இருக்கும். எனவே ஒரு பெரிய தாயை இழப்பது, பல சிறிய தாய்களை இழப்பதற்குச் சமம். தட்டில் அது ஓர் இறால். ஆற்றுக்கு அது ஒரு குஞ்சு பொரிப்பகம்.

முட்டையின் நிறத்தையும் குறிப்பார்கள். புதிதாக இட்ட முட்டை பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். பொரிக்க இரண்டு மூன்று நாள் இருக்கும்போது சாம்பல் கலந்த பழுப்பாக மாறும். ஏறத்தாழ 3 வாரத்தில் பொரிந்துவிடும். ஆரஞ்சு முட்டைக்காரிகள் எங்கே, சாம்பல் முட்டைக்காரிகள் எங்கே என்று வரைபடத்தில் குறித்தால், தாய்கள் கழிமுகத்துக்கு இறங்கும் பாதையும் காலமும் தெரிந்துவிடும். எந்த மாதத்தில், எந்தப் பகுதியில் பிடிப்பதை நிறுத்த வேண்டும் என்று முடிவெடுக்க இந்த வரைபடம்தான் ஆதாரம்.

சினைப்படும் பெண்களின் மிகச் சிறிய நீளத்தையும் ஆண்டுதோறும் கவனிக்க வேண்டும். அது வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தால் நல்ல அறிகுறி அல்ல. பெரியவை பிடிபட்டுப் போக, சிறியவையே இனத்தைச் சுமக்கின்றன என்று பொருள்படலாம்.

மொத்தம் எத்தனை?

ஆற்றில் உள்ள மொத்த இறாலை மதிப்பிட இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, முயற்சிக்கு எவ்வளவு கிடைத்தது என்று பார்ப்பது. “நேற்று 5 கிலோ பிடித்தேன்” என்பதில் தகவல் பாதிதான். எத்தனை பூபு பொறி, எத்தனை மணி நேரம்? 10 பொறியை ஓர் இரவு வைத்து 5 கிலோ கிடைத்தால், ஒரு பொறிக்கு அரைக் கிலோ. அடுத்த ஆண்டு 25 பொறி வைத்து அதே 5 கிலோ கிடைத்தால், சந்தையில் வரத்து குறையவில்லை. ஆனால் ஒரு பொறிக்கு 200 கிராமாகச் சரிந்துவிட்டது. சந்தையை மட்டும் பார்ப்பவருக்கு இந்தச் சரிவு தெரியவே தெரியாது.

இதிலும் கவனம் தேவை. பொறியின் கண் அளவைவிடச் சிறிய இறால் தப்பிவிடும். தூண்டிலில் பசித்தது மட்டும்தான் மாட்டும். வறட்சியில் ஆறு சுருங்கினால் இறால்கள் நெருங்கிக் கிடக்கும், பிடிப்பு கூடும், எண்ணிக்கை கூடியிருக்காது. எனவே ஒரே வகைக் கருவி, ஒரே இடம், ஒரே பருவம் என்பதே ஒப்பிடுவதற்கான விதி.

இரண்டாம் வழி, அடையாளமிட்டு விடுவது. 200 இறால்களைப் பிடித்து அடையாளமிட்டு ஆற்றில் விடுகிறோம். சில நாள் கழித்து 150 இறால்களைப் பிடிக்கிறோம். அவற்றில் 10இல் அடையாளம் இருக்கிறது. அதாவது 15க்கு 1. நாம் அடையாளமிட்ட 200, மொத்தத்தில் 15இல் ஒரு பங்கு என்றால், அந்தப் பகுதியில் சுமார் 3,000 இறால்கள் இருக்கலாம்.

மீனுக்கு அடையாளமிடுவது எளிது. இறாலின் முதுகில் சாயம் பூசினால், அடுத்த முறை ஓடு கழற்றும்போது சாயமும் போய்விடும். அடையாளம் இழந்ததை ‘புதிய இறால்’ என்று எண்ணினால், இல்லாத இறாலெல்லாம் கணக்கில் பெருகும். அதனால் வால்பகுதியின் மெல்லிய ஓட்டுக்குக் கீழே, சதைக்குள் நிறமுள்ள ரப்பர் போன்ற பொருளை ஊசியால் ஏற்றுகிறார்கள். ஓடு கழன்றாலும் அது வெளியே தெரியும்.

உடல் பரிசோதனை

எண்ணிக்கை நிறைய இருந்தாலும் உடல் நலம் கெட்டிருந்தால் பயனில்லை. ஆகவே அளக்கும்போதே சிலவற்றை உற்றுப் பார்க்கிறார்கள். ஓட்டில் கறுப்புப் புள்ளிகள் அரித்திருந்தால், ஓட்டைத் தின்னும் பாக்டீரியா தாக்கியிருக்கலாம். செவுள் கறுத்திருந்தால் அடிச்சேறும் அழுக்கும் காரணமாக இருக்கலாம். கண்ணாடி போல இருக்க வேண்டிய வால்சதை பால் போல வெளுத்திருந்தால் எச்சரிக்கை தேவை. 1997இல் கரீபியன் தீவான குவாதலூப்பில் அறியப்பட்ட ‘வெள்ளை வால் நோய்’ இப்படித்தான் தொடங்கும். வைரஸால் வரும் இந்நோய் பண்ணைகளில் குஞ்சுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லக்கூடியது.

ஓட்டின்மேல் பாசி படிந்திருந்தால்? அது பல நாளாக ஓடு கழற்றவில்லை என்பதன் அடையாளம். முதிர்ந்த நீலக் கொடுக்கு ஆணிடம் அது இயல்பு. இளம் இறாலிடம் இருந்தால் வளர்ச்சி நின்றுவிட்டது என்று பொருள். பார்த்தீர்களா, ஒரே அறிகுறிக்கு ஆளைப் பொறுத்து இரண்டு விளக்கம்! நோயைச் சொல்வதற்கு முன் நோயாளி யாரென்று தெரிய வேண்டும்.

நீரும் வழியும்

இறாலை அளக்கும் நாளில் நீரையும் அளக்க வேண்டும். ஊடாங் காலாவுக்கு 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏற்றது. ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது தவிக்கத் தொடங்கும். பாசி மிகுந்த நீரில் பகலில் நிறைய ஆக்சிஜன் இருந்தாலும், விடியும் முன் மிகவும் குறைந்துவிடும். நண்பகலில் மட்டும் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு “நீர் நன்றாக இருக்கிறது” என்று எழுதுவது சரியாகாது.

நீர் நன்றாக இருந்தும் வழி அடைபட்டிருந்தால் என்னாகும்? கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் இதே இனம் உண்டு. அங்கே இதற்கு ஆற்றுக்கொஞ்சு என்று பெயர். வயல்களுக்குள் உப்பு நீர் ஏறாமல் தடுக்க, 1970களில் தண்ணீர்முக்கம் தடுப்பணை பயன்பாட்டுக்கு வந்தது. ஆண்டில் பல மாதங்கள் அதன் மதகுகள் மூடியிருக்கும். தாய் இறால் உவர்நீருக்கு இறங்கும் வழியும், குஞ்சுகள் மேலேறும் வழியும் ஒருசேர அடைபட்டன. நெல்லுக்கு நன்மையாக வந்த அணை, இறாலுக்கு வாசலை அடைத்தது. அங்கே இறால் வளம் சரிந்ததற்கு ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று.

நம் பேராக் ஆற்றிலும் 1930இல் கட்டி முடிக்கப்பட்ட செண்டெரோ அணை முதல் வரிசையாக அணைகள் உள்ளன. அணைக்கு மேலே கழிமுகத் தொடர்பு அறுந்துவிடுவதால், அங்கே இந்த இறால் தானாகப் பெருகுவதற்கு வழியில்லை. எனவே அணைக்குக் கீழே கடல்வரை உள்ள பகுதியே இதன் வீடு. அந்த வீட்டின் அகலம் எவ்வளவு என்று தெரியாமல் உள்ளே எத்தனை பேர் என்று கணக்கிடுவதில் அர்த்தமில்லை.

குஞ்சு விட்டால் போதுமா?

இறால் குறைந்த ஆறுகளில், பொரிப்பகத்தில் வளர்த்த குஞ்சுகளை விடுவது நம் நாட்டில் வழக்கம். நல்ல முயற்சிதான். ஆனால் அளப்பவருக்கு அதில் ஒரு சிக்கல் உண்டு. சில மாதங்களில் தாளில் சிறிய இறால்களின் குன்று எழும். அது ஆறு பெற்ற பிள்ளையா, நாம் கொண்டு வந்து விட்ட பிள்ளையா? விட்ட நாள், இடம், எண்ணிக்கை குறிக்கப்படாவிட்டால் பிரித்தறிய முடியாது. கழிமுகம் கெட்டுப் போயிருந்தும், “இறால் பெருகிவிட்டது” என்ற செய்தி வரும். குஞ்சு விடுவதை நிறுத்திய ஆண்டில்தான் உண்மை வெளியே தெரியும்.

ஒரே சந்தை, இரண்டு ஆறுகள்

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்ப்போம். இரண்டு ஆறுகளிலிருந்தும் சந்தைக்கு நாளும் 50 கிலோ இறால் வருகிறது என்று கற்பனை செய்யுங்கள்.

முதல் ஆற்றில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று எல்லா அளவும் இருக்கின்றன. மூன்று வகை ஆண்களும் இருக்கிறார்கள். பருவத்தில் சாம்பல் முட்டை சுமந்த தாய்கள் கழிமுகத்தில் கிடைக்கிறார்கள். பொறிக்குக் கிடைக்கும் அளவு ஐந்தாண்டாக மாறவில்லை.

இரண்டாம் ஆற்றில் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. நீலக் கொடுக்கு ஆண் அரிது. சினைப்பட்ட பெண்கள் சிறியவை. 50 கிலோ பிடிக்க முன்பைவிட இரண்டு மடங்கு பொறிகள் வைக்கிறார்கள்.

சந்தையில் விலை ஒன்றுதான், எடையும் ஒன்றுதான். ஆனால் முதல் ஆறு வட்டியை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டாம் ஆறு முதலைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. அந்த வேறுபாட்டை நாம் காண வேண்டிய காலம் இப்போது. பொறிகள் வெறுமையாகத் திரும்பும் நாளில் அளப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

நீங்கள் என்ன செய்யலாம்?

தூண்டில் போடுபவராக இருந்தால், ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, இடம், தூண்டில் போட்ட நேரம், கிடைத்த எண்ணிக்கை, ஆணா பெண்ணா, கொடுக்கின் நிறம், சினை உண்டா என்று எழுதுங்கள். ஒன்றும் கிடைக்காத நாளையும் கட்டாயம் எழுதுங்கள். வெறும் கையோடு திரும்பிய நாள்களை விட்டுவிட்டால் கணக்கே பொய்யாகிவிடும். பத்து நண்பர்கள் ஐந்தாண்டு இப்படி எழுதினால், அந்த ஆற்றைப் பற்றி எந்த ஆய்வாளரும் கேட்டு வாங்கும் ஆவணம் உங்கள் கையில் இருக்கும்.

சினை இறால் மாட்டினால், முட்டைகள் கலையாமல் மெதுவாக நீரில் விட்டுவிடுங்கள். ஆரஞ்சு நிற முட்டை நிறைந்த இறாலுக்குச் சுவை அதிகம் என்று சொல்வோர் உண்டு. அந்தச் சுவையின் விலை பல்லாயிரம் இளவுயிரிகள்.

இறால்கள் கரையோரம் தள்ளாடி நிற்பதைக் கண்டால், அள்ளுவதற்கு முன் மீன்வளத் துறைக்கோ சுற்றுச்சூழல் துறைக்கோ தகவல் சொல்லுங்கள். காரணம் நச்சாக இருந்தால், அது உங்கள் சமையலறைக்கும் வந்துவிடும். நீர் மாதிரியைச் சில மணி நேரத்திற்குள் எடுத்தால்தான் காரணத்தைப் பிடிக்க முடியும். ஆறு ஓடிக்கொண்டே இருக்கிறது, சாட்சியும் அதோடு ஓடிவிடும்.

அடுத்த முறை சந்தையில் ஊடாங் காலா வாங்கும்போது, விலையைக் கேட்பதோடு தட்டையும் ஒரு முறை கவனியுங்கள். எல்லாம் ஒரே அளவில் இருக்கின்றனவா? நீலக் கொடுக்கு எத்தனை? சினைப்பட்டவை எத்தனை? பண்ணை இறாலா, ஆற்று இறாலா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஆற்று இறால் என்றால், எந்த ஆறு என்றும் கேளுங்கள்.